குட்டி தானே, கடிக்கட்டும்!

தலைப்பைப் பார்த்ததும் "நாய்ப் பிரியர் ஒருத்தர் கிளம்பிட்டார்" என்று நினைத்துவிட வேண்டாம். நாயைக் கண்டதும் கல்லைத் தேடுகிற கட்சியும் நான் இல்லை. இந்த வசனம் என்னுடையதே இல்லை, எங்கள் அரியாங்குப்பத்தில் நாய் வளர்க்கிறவர்களில் பாதிப் பேருடையது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். இரண்டு மாதக் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தவரின் பேண்ட் முனையைப் பிடித்துத் தொங்கும். அப்படியே கணுக்காலில் பல்லைப் பதிக்கும். அவர் "ஆ" என்று காலை உதறுவார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "குட்டி தானே சார், விளையாடுது" என்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "இப்பவே எப்படிக் கடிக்குது பார்த்தீங்களா, வளர்ந்தா ஒருத்தன் கிட்ட வர முடியாது" என்று பெருமை வேறு.

அதே வீட்டுக்கு எட்டு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். குட்டி இப்போது வாசல் கம்பியில் சங்கிலியோடு நிற்கும். சோற்றுத் தட்டைக் குச்சியால் தள்ளிவிடுவார்கள். பிள்ளைகளை "அந்தப் பக்கம் போகாதே" என்று விரட்டுவார்கள். இன்னும் ஆறு மாதம் கழித்துப் போனால் சங்கிலி மட்டும் இருக்கும். கேட்டால் "தெரிஞ்சவங்க தோட்டத்துக்குக் கொடுத்துட்டோம்" என்று பதில் வரும். எந்தத் தோட்டம் என்று மட்டும் கேட்கக்கூடாது.

நாய்க்கடி என்றால் தடுப்பூசி, கருத்தடை, காப்பகம், சுப்ரீம் கோர்ட் என்று எல்லாவற்றையும் பேசிவிடுகிறோம். குட்டி வீட்டுக்கு வந்த முதல் மூன்று நான்கு மாதங்களைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. என்னைக் கேட்டால் வளர்ந்த நாய் யாரை, எவ்வளவு ஆழமாகக் கடிக்கும் என்பதில் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் தீர்மானமாகிறது. அந்தச் சமயத்தில் சும்மா இருந்துவிட்டு, பிறகு "ஜாதி அப்படி, ரத்தம் அப்படி" என்று நாயின் மேல் பழி போடுவது சரியில்லை.

முதலில் குட்டி ஏன் கடிக்கிறது என்று பார்ப்போம். நமக்குக் கை இருக்கிறது, குழந்தை எதையும் கையால் தொட்டுப் பார்க்கும் (பிறகு அதுவும் வாயில்தான் போடும்). குட்டிக்குக் கையும் வாய்தான். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பால்பல் முளைக்க ஆரம்பிக்கும். மொத்தம் 28 பல். ஒவ்வொன்றும் ஊசி மாதிரி இருக்கும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நான்காவது மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அந்த ஈறு நமைச்சலில் கதவு, செருப்பு, நாற்காலிக் கால், நம் விரல் என்று எதையும் விடாது.

ஊசிப் பல்லைக் கொடுத்த இயற்கை தாடைக்குப் பலத்தைக் கொடுக்கவில்லை. இது யோசிக்க வேண்டிய விஷயம். குட்டி கடித்தால் வலிக்கும், ஆனால் பெரிய காயம் ஆகாது. ஏன் இப்படி? இயன் டன்பார் என்று ஒரு கால்நடை மருத்துவர், குட்டி நாய்களுக்கென்றே தனி வகுப்பு நடத்துவதைப் பரவலாக்கியவர், இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார். வலிக்க வேண்டும், அப்போதுதான் கடிபட்டவர் எதிர்ப்பு காட்டுவார். எதிர்ப்பைப் பார்த்துத்தான் குட்டி தன் தாடையின் வேகத்தை அளக்கக் கற்றுக்கொள்ளும். தாடைக்குப் பலம் வருவதற்குள் இந்தப் பாடம் முடிந்துவிட வேண்டும்.

பாடம் நடக்கும் இடம் தாயின் மடி. ஐந்தாறு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரளும்போது ஒன்று அழுத்திக் கடித்துவிட்டால் கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை விட்டு விலகிவிடும். பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் எழுந்து போய்விடும். அழுத்திக் கடித்தால் விளையாட்டும் போச்சு, பாலும் போச்சு. இதைவிடத் தெளிவாக யாரும் பாடம் நடத்த முடியாது. அடி இல்லை, திட்டு இல்லை.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? "கண்ணு தொறந்தாச்சு, எடுத்துட்டுப் போங்க" என்கிறோம். கண் திறப்பது பிறந்து இரண்டு வாரத்தில். சரி, கொஞ்சம் பொறுத்துக் கொடுப்பவர்கள்கூட முப்பது நாளில் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு வருவது மாதிரி. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. வளர்த்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. விதி புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. அட்டைப்பெட்டி வியாபாரமும் நன்றாக நடக்கிறது.

பி.காம் படிக்கிறவன் என்பதால் இதில் உள்ள கணக்கு கண்ணில் படாமல் இருக்காது. குட்டி தாய்ப்பாலை விட்டு திட உணவுக்கு மாறும் வாரங்கள்தான் விற்பவருக்குச் செலவு. தீவனம், பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி எல்லாம் அப்போதுதான். ஐந்தாவது வாரத்தில் தள்ளிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். சிறிய குட்டி பார்க்கவும் அழகு, விலையும் படியும். மூன்று வாரம் சீக்கிரம் விற்றதால் அந்த நாய் பிற்காலத்தில் எவ்வளவு பேரைக் கடித்தாலும் விற்றவர் கணக்கில் ஒரு பைசா பற்று வராது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் "வாங்குகிறவரே, ஜாக்கிரதை" என்கிற கொள்கையைப் படிக்கிறோம். நாய்க்குட்டி விஷயத்தில் வாங்குகிறவர் ஜாக்கிரதையாக இல்லாமல் போனால் அதன் விளைவு அவரோடு நிற்பதில்லை. பால் பாக்கெட் போடுகிறவரின் காலுக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கன்னத்துக்கும் போகிறது.

சரி, குட்டி வந்துவிட்டது, கடிக்கிறது. அடுத்து நடப்பது வீட்டு வைத்தியம். ஒரு வீட்டில் மூக்கின் மேல் சுண்டுவார்கள். இன்னொரு வீட்டில் வாயைச் சேர்த்துப் பிடித்து இறுக்குவார்கள். தொண்டைக்குள் விரலை விட்டால் பயந்துவிடும் என்று ஒரு மாமா சொல்வார். செருப்படி எல்லா வீட்டுக்கும் பொது. கையில் மிளகாய்த்தூள் தடவிக்கொண்டு குட்டிக்கு நீட்டியவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். அவரே மறந்துபோய் அதே கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டது தனிக்கதை :-)

இவற்றில் சில உடனே பலன் தருவது போலத் தெரியும், அதுதான் ஆபத்து. அடி வாங்கிய குட்டி அந்த நிமிஷம் கடிப்பதை நிறுத்தும். அது "கடிக்கக்கூடாது" என்று கற்றுக்கொண்டதா? இல்லை. "இந்த ஆளின் கை நீண்டால் வலி வரும்" என்று கற்றுக்கொண்டது. நாளைக்கு ஒரு குழந்தை தடவிக் கொடுக்கக் கையை நீட்டினாலும் அதற்குத் தெரிவது அந்தக் கைதான். இன்னும் மோசம், உறுமியதற்கும் சேர்த்து அடிப்பது. உறுமல் என்பது நோட்டீஸ். "எனக்குப் பிடிக்கவில்லை, விலகு" என்று முறையாகக் கொடுக்கும் அறிவிப்பு. அதற்கு அடி விழுந்தால் நாய் அறிவிப்புக் கொடுப்பதை விட்டுவிடும், கோபத்தை விடாது. பிறகு "ஒரு சத்தமும் இல்லாம பாய்ஞ்சி கடிச்சிடுச்சி சார்" என்று அதே மனிதர் ஆச்சரியப்படுவார். சத்தம் போடாதே என்று சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியையும் இங்கே ஓரமாக வைத்துவிடலாம். குரைத்துவிட்டுக் கடிக்கிற நாய்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எந்த நாய்க்கும் எந்தப் பிரச்சினைக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும், வலியும் பயமும் கொடுக்கும் முறைகள் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். "அமெரிக்க நாய்க்குச் சரி, நம்ம நாய்க்கு உதைதான் புரியும்" என்று வாதாடுபவர்கள் உண்டு. நாய்க்குப் பாஸ்போர்ட் கிடையாது என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

அப்படியென்றால் எப்படிப் பழக்குவது? முக்கியமான விஷயம், முதல் நாளே "கடிக்கவே கூடாது" என்று ஆரம்பிக்கக்கூடாது. இது பலருக்கு விசித்திரமாகப் படும், எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் பட்டது. முதல் பாடம் "மெதுவாகக் கடி". வாய் வைக்கட்டும், லேசாகக் கவ்வட்டும். அழுத்தினால் மட்டும் விளையாட்டு அந்த நொடியில் நிற்க வேண்டும். கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் ஓடுகிற எலியைப் பார்த்த மாதிரி இன்னும் பாயும். கையைத் தளர்த்தி, எழுந்து, முகத்தைத் திருப்பி, கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். இருபது முப்பது விநாடி போதும். திரும்பி வந்து பழையபடி விளையாடுங்கள். மறுபடி அழுத்தினால் மறுபடி எழுந்து போங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை எழ வேண்டியிருக்கும், முட்டி வலிக்கும், வேறு வழியில்லை. சில புத்தகங்களில் "நாமும் குட்டி மாதிரி கத்த வேண்டும்" என்று இருக்கும். சில குட்டிகளுக்கு அது வேலை செய்யும். சிலதுகளுக்கு அந்தச் சத்தமே உற்சாக பானம். உங்கள் குட்டி எந்த ரகம் என்று இரண்டு தடவையில் தெரிந்துவிடும்.

அழுத்தம் குறைந்த பிறகுதான் இரண்டாவது பாடம், லேசாகக் கவ்வினாலும் விளையாட்டு நிற்கும். இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், உலகத்தில் கடிக்கவே கடிக்காது என்று உத்தரவாதம் கொடுக்கக்கூடிய நாய் எதுவும் இல்லை. தூங்கும் நாயின் வாலை ஒருத்தர் தெரியாமல் மிதித்தால் எப்படிப்பட்ட சாதுவும் திரும்பி வாயை வைத்துவிடும். அந்த நேரத்தில் பல் தோலைத் தொட்டு விலகுகிறதா, சதையில் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. டன்பார் நாய்க்கடியை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார். பல்லே படாத வெறும் பாய்ச்சல் முதல் நிலை, உயிர் போவது ஆறாவது நிலை. பல் பட்டும் துளை விழாத இரண்டாம் நிலைக்கும், ஆழமாக இறங்கும் நான்காம் நிலைக்கும் நடுவில் இருப்பது நாயின் குணம் மட்டுமல்ல, குட்டியில் படித்த இந்தப் பாடமும்தான். சிறு வயதிலேயே அடித்து வாயை மூட வைத்த நாய்க்கு இந்த அளவு தெரியவே தெரியாது. அது கடிக்காதவரை கடிக்காது, கடித்தால் அளவில்லை.

இத்தனையும் ஒரே ஆளால் பாழாகும். அவர் பெரும்பாலும் தாத்தா. வீட்டில் எல்லோரும் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருக்க, தாத்தா திண்ணையில் உட்கார்ந்து கைலி நுனியை ஆட்டிக் குட்டியைக் கடிக்க விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். அவரை மாற்றுவதுதான் கஷ்டம். அவர் கையில் ஒரு முடிச்சுப் போட்ட பழைய துண்டைக் கொடுத்துவிடலாம், விளையாட்டு அதோடு நடக்கட்டும். அதே துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் பல் விழும் மாதங்களில் ஈறுக்கு இதமாக இருக்கும். பழைய செருப்பை மட்டும் கொடுக்க வேண்டாம். பழையது எது, விருந்தாளி வாசலில் விட்ட புதியது எது என்று அதற்குத் தெரியாது. பிரியாணியில் மிஞ்சிய எலும்பும் வேண்டாம், வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம், சில சமயம் இருபது மணி நேரம்கூடத் தூங்க வேண்டும். நம் வீடுகளில் குட்டி வந்த முதல் வாரம் திருவிழாதான். தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து தூக்கி, கொஞ்சி, எழுப்பி, ஓடவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு அது பைத்தியம் பிடித்த மாதிரி எல்லோரையும் கடிக்கும். அதற்குப் பெயர் முரட்டுத்தனம் இல்லை, தூக்கக் கலக்கம். நம் வீட்டுக் குழந்தை கல்யாண வீட்டில் ராத்திரி பத்து மணிக்குச் செய்யும் அதே ரகளை. இருட்டான மூலையில் படுக்க வைத்தால் ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும்.

பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் வேண்டும். ஓடினால் குட்டி துரத்தும், பாவாடையோ துப்பட்டாவோ ஆடினால் பிடித்து இழுக்கும். கத்திக்கொண்டு ஓடுவதற்குப் பதில் மரம் மாதிரி அசையாமல் நின்றுவிட்டால் அதற்குச் சலித்துவிடும். இதைப் பழகிய பிள்ளை நாளைக்குத் தெருநாய் துரத்தும்போதும் ஓடாது.

இன்னொன்று, குட்டியின் மூளை புதியதை எல்லாம் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளும் காலம் மிகக் குறைவு. மூன்றாவது வாரத்தில் தொடங்கி மூன்று மாதத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும். இதை ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல வருஷம் நாய்களை வளர்த்துப் பார்த்து 1965-ல் புத்தகமாகவே எழுதினார்கள். அதற்குள் அது குடை, ஹெல்மெட், தாடி, பர்தா, கைத்தடி, கேஸ் சிலிண்டர் உருட்டும் சத்தம் எல்லாவற்றையும் ஒருமுறையாவது பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கம் என்றால் பட்டாசும் பறையும் கட்டாயம். ஆடி மாதம் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர் சமயத்தில் குட்டி முதன்முதலாக வெடிச்சத்தம் கேட்பதைவிட, அதற்கு முன் தூரத்தில் சின்னச் சின்னதாகக் கேட்டிருப்பது நல்லது. பயந்த நாய்தான் அதிகம் கடிக்கிறது. ஒரே சிக்கல், தடுப்பூசி முழுதாக முடிவதற்குள் தெருவில் நடக்க விட்டால் பார்வோ வந்து குட்டி போய்விடும். அதனால் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கடலூர் ரோட்டில் ஓரமாக ஒரு பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தால் போதும். லாரி, பஸ், மீன்கூடை, கல்யாண ஊர்வலம் எல்லாம் அங்கேயே பார்த்துவிடலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒருத்தர் கேட்கலாம்: "கடிக்காத நாய் எனக்கு எதுக்கு? காவலுக்குத்தானே வாங்கறேன்?" நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். காவலுக்குத் தேவை குரல். ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரேறுகிறவனைத் தடுப்பது நாய் போடும் சத்தமும் அதனால் எரியும் விளக்கும்தான். ராஜபாளையம், கோம்பை என்று பெயர் பெற்ற காவல் நாய்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. அவற்றை நன்றாக வளர்க்கிறவர்கள் யாரும் வீட்டுப் பிள்ளையைக் கடிக்கவிட்டுப் பழக்குவதில்லை. வீட்டாரையும் அந்நியரையும் பிரித்தறிய வேண்டும் என்றால் முதலில் அது அமைதியாக மனிதர்களைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். எல்லோரையும் கடிக்கிற நாய்க்குத் திருடன் யார், தபால்காரர் யார் என்று தெரியாது. திருடன் எப்போதாவதுதான் வருகிறான். தபால்காரரும் சிலிண்டர்காரரும் உணவு கொண்டுவரும் பையன்களும்தான் தினம் வருகிறார்கள். அந்தப் பையன்களில் சிலர் காலையில் என்னோடு காலேஜில் உட்கார்ந்திருப்பவர்கள். "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு மாட்டிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு, தன் விலங்கால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது.

அரசாங்கம் இதை வேறு விதமாகப் பார்த்தது. 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய கால்நடைத் துறை பிட்புல், ராட்வைலர் உள்பட 23 இனங்களைப் பட்டியல் போட்டு, இவற்றுக்கு உரிமம் கொடுக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் மாதமே அதை ரத்து செய்தது. மே 5-ஆம் தேதி சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதைப் படித்தவர்களுக்குத் தடை வேண்டும் என்று தோன்றுவதில் தப்பே இல்லை. பெரிய தாடையுள்ள நாய் கடித்தால் சேதமும் பெரிது, அதை மறுக்க முடியாது. அந்த இனங்களை இரண்டு சென்ட் மனையில் வளர்ப்பவர்களைக் கட்டுப்படுத்தலாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் அரசாங்கம், அது எத்தனை நாளில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது, யார் விற்றார், பதிவு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 23 இனத்தைத் தடுத்தால் 24-ஆவது இனம் அட்டைப்பெட்டியில் வரும்.

2025-ல் தெருநாய் வழக்கு வந்தபோதும் இதேதான். ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடை என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடு, வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதே என்று மாற்றியது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையங்களிலிருந்து அகற்றச் சொன்னது. ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. தெருவில் நிற்கும் நாய்களில் ஒரு பங்கு வீட்டிலிருந்து "தோட்டத்துக்குக் கொடுத்த" நாய்கள் என்பதை இரண்டு கட்சியும் பேசவில்லை.

கடைசியாக, "குட்டி தானே" என்கிற வசனத்தின் உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். 2025-ல் உத்தரப் பிரதேசம் புலந்த்ஷஹர் மாவட்டத்தில் 22 வயது மாநில அளவிலான கபடி வீரர் ஒருவர் ரேபிஸ் வந்து இறந்தார். சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைத் தூக்கிக் காப்பாற்றியபோது அது விரலில் கடித்திருக்கிறது. கபடியில் ஏற்பட்ட காயம் மாதிரித்தானே என்று ஊசி போடாமல் விட்டிருக்கிறார். சுமார் இரண்டு மாதம் கழித்து அறிகுறிகள் தெரிந்தன. ரேபிஸில் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. என் வயதுக்காரர், நல்ல காரியம் செய்யப் போனவர். அவரைக் கொன்றது பெரிய நாய் இல்லை, குட்டி.

நம் வீட்டுக் குட்டிக்கு முதல் ரேபிஸ் ஊசி போடுவது மூன்று மாதம் ஆன பிறகுதான். அது அதிகமாகக் கடிப்பதும் அதற்கு முந்தைய வாரங்களில்தான். தாய் ஊசி போட்டதா, குட்டியைத் தெருநாய் ஏதாவது கடித்ததா என்று அட்டைப்பெட்டிக்காரரிடம் தகவல் இருக்காது. எனவே பல் பட்டுத் தோல் கீறியிருந்தால், ஒரு சொட்டு ரத்தம்தான் என்றாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பக்கூடாது. நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் பயமில்லை என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசி போட ஆரம்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், போடாமல் காத்திருக்கக்கூடாது.

ஆயாக்களும் தாத்தாக்களும் இதற்கு ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. அவர்கள் நினைவில் இருப்பது தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகள். ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை டேவிட் செம்பிள் என்பவர் 1911-ல் இமயமலைப் பக்கம் கசௌலியில் உருவாக்கினார். கிட்டத்தட்ட நூறு வருஷம் பயன்படுத்திவிட்டு 2000-களின் நடுவில் இந்தியாவில் நிறுத்தியாயிற்று. இப்போது கையில்தான் ஊசி. தோலுக்குள் போடும் முறையில் கடிபட்ட நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை போனால் போதும். காயம் ஆழமாக இருந்தால் அந்த இடத்திலேயே இம்யூனோகுளோபுலின் போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். நாய் வளர்க்கிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ஊசியும் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டால் சொல்வார்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு பாஸ்டரைச் சொல்லாமல் விட முடியாது. 1885 ஜூலை 6-ஆம் தேதி பாரிஸில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்குத்தான் லூயி பாஸ்டர் தன் மருந்தை முதலில் போட்டார். பையன் பிழைத்துப் பிற்காலத்தில் பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான். நம் பக்கத்துக்கு அந்த மருந்து வரக் காலமாயிற்று. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் தென்னிந்தியாவில் சிகிச்சை கிடைக்காமல் ரேபிஸில் இறந்தார். அந்தச் சாவுக்குப் பிறகு எழுந்த முயற்சியாலும் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையாலும் 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. இன்றைக்கு அரியாங்குப்பத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கோரிமேடு ஜிப்மர். லில்லிக்குக் கிடைக்காதது நமக்குச் சில்லறைக் காசு தூரத்தில் இருக்கிறது, "குட்டி தானே" என்று போகாமல் இருக்கிறோம்.

குட்டி வாங்க நினைத்திருக்கும் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. விற்பவரிடம் பிறந்த தேதியைக் கேளுங்கள். தாயையும் கூடப் பிறந்த குட்டிகளையும் காட்டச் சொல்லுங்கள். ஐம்பத்தாறு நாள் ஆகவில்லை என்றால் முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பி வாருங்கள், அதுவரை அது அங்கேயே இருக்கட்டும். வாங்கி வந்தபின் உடம்புக்கோ பழக்கத்துக்கோ சந்தேகம் வந்தால் குரும்பாப்பட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.